குடத்துக்குள் யாருடைய ஓலை?

அவைக்கு வணக்கம். ‘அமெரிக்கக் குடியேற்ற விசா: குலுக்கலா, தகுதியா?’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் என் மனைவி கேட்டாள்: “உங்க பாஸ்போர்ட்டே காலாவதியாகி ஆறு வருஷம் ஆச்சு. நீங்க போய் என்ன பேசப்போறீங்க?” நியாயமான கேள்விதான். எங்கள் குடும்பத்தில் ஒருவர் அந்த நாட்டு வரிசையில் பதினெட்டு வருடம் நின்றார். இன்னொருவன் அந்த நாட்டுக் குலுக்கலில் மூன்று முறை தோற்றான். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இங்கே நிற்கிறேன்.

2011 மே முதல் தேதி. அமெரிக்க வெளியுறவுத் துறை, அங்கே நிரந்தரமாகக் குடியேற வழிவிடும் டைவர்சிட்டி விசா குலுக்கலின் முடிவை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. பேச்சுவழக்கில் கிரீன் கார்டு லாட்டரி என்பார்களே, அதுதான். ஏறத்தாழ 1.5 கோடி விண்ணப்பங்கள். தங்கள் எண்ணைத் தட்டிப் பார்த்தவர்களில் சுமார் 22,000 பேருக்கு ‘தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று பதில் வந்தது. அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் ஸ்வீட் போயிருக்கும். பதின்மூன்றாம் தேதி அதே இணையதளத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது: முடிவு செல்லாது. கணினி நிரலில் பிழையாம். விண்ணப்பிக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். தேர்வானவர்களில் 90 சதவீதம் பேர் முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்களாக இருந்தார்கள். அதாவது, குலுக்கல் சரியாகக் குலுங்கவில்லை. தேர்வில் எந்த ஒழுங்குமுறையும் தெரியக்கூடாது, முழுக்கத் தற்செயலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே எல்லாச் சீட்டையும் திரும்பக் குடத்தில் போட்டு ஜூலையில் புதிதாக எடுத்தார்கள். முதலில் விழுந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தோற்றார்கள்.

அந்த 22,000 பேரை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசி நாளில் விண்ணப்பித்தவனுடைய சீட்டும் குடத்துக்குள் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

குடம் என்று சொன்னதும் உங்களில் பாதிப் பேர் உத்திரமேரூருக்குப் போய்விட்டிருப்பீர்கள். நானும் அங்கேதான் வருகிறேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக, நம் வார்டு மாதிரி, பிரித்து, குடும்புக்குக் குடும்பு பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டுகிறார்கள். கட்டுகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்கிறார்கள். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு ஓலையை எடுக்கிறார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். இன்னொரு ஓலையைக் கைக்குள் மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே எவனோ ஒருவன் அந்த வேலையைப் பார்த்திருக்கிறான் என்பதும் இதில் தெரிகிறது.

இதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அதே கல்வெட்டின் முன்பகுதியையும் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் கூடாது. இவ்வளவும் தாண்டித்தான் ஓலை குடத்துக்குள் போகிறது. விரலை விரித்து வாங்கிய நேர்மை உண்மை. அந்த ஊரில் ஏர் பிடித்தவன் பெயர் எந்த ஓலையிலும் இல்லை என்பதும் உண்மை. அமெரிக்க விசா பற்றி இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். குலுக்கல் நல்லதா கெட்டதா என்று சண்டை போடுகிறார்கள். யாருடைய ஓலை குடத்துக்குள் போகிறது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

சரி, இந்த லாட்டரி எப்படி வந்தது?

1965-க்கு முன்னால் அமெரிக்காவில் நாடு பார்த்துத்தான் இடம். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வட ஐரோப்பாவுக்கு அள்ளிக் கொடுத்து, ஆசியாவுக்குக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. 1946-இல் பெரிய மனது வைத்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம் கொடுத்தார்கள். நூறு! நம் தெருக் கல்யாணத்தில் இரண்டு பந்தி. 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்த ஒதுக்கீட்டை ஒழித்து, அங்கே உறவு இருக்கிறவர்களுக்கும் தொழில் திறமை உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. நம்மவர்கள் பெருமளவில் போக முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இதில் அடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் அயர்லாந்துக்காரர்கள். தாத்தா காலத்தில் போனவர்களை வைத்து மனுப் போட முடியாது. அண்ணன் தம்பி, பெற்றோர் என்று நெருங்கிய சொந்தம் வேண்டும். 1980-களில் வேலை இல்லாமல் சுற்றுலா விசாவில் வந்து, பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் காகிதமில்லாமல் தங்கிவிட்ட ஐரிஷ் இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேச ஆள் இருந்தது. பாஸ்டன் பகுதியின் பிரையன் டானலி, கனெக்டிகட்டின் புரூஸ் மாரிசன் என்று ஒவ்வொருவர் பெயரிலும் விசா வந்தது. தொடக்கத்தில் அது குலுக்கல்கூட இல்லை; முந்துகிறவருக்கு இடம். 1991 அக்டோபரில் வெர்ஜீனியாவின் மெரிஃபீல்ட் தபால் நிலையத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முன்கூட்டி வந்தால் குப்பைக்கூடை. குறித்த நேரத்துக்குப் பிறகு வந்து சேரும் வரிசைப்படிதான் எடுப்பார்கள். ஒருவர் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆளுக்கு நூற்றுக்கணக்கில் உறைகளைக் கட்டிக்கொண்டு அந்தத் தபால் நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். கார் வைத்திருந்தவனும், ஸ்டாம்புக்குக் காசு வைத்திருந்தவனும் ஜெயித்தார்கள்.

1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அப்போது கீழவையில் இருந்த சக் ஷூமர் முன்னின்று, நிரந்தர ஏற்பாடாக டைவர்சிட்டி விசா சேர்ந்தது. ஆண்டுக்கு 55,000, பின்னால் ஏறக்குறைய 50,000 ஆனது. ஒருவருக்கு ஒரே விண்ணப்பம். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு, இல்லாவிட்டால் பயிற்சி தேவைப்படும் வேலையில் இரண்டு ஆண்டு அனுபவம். கடந்த ஐந்து ஆண்டில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடு கலந்துகொள்ள முடியாது. ஐரிஷ்காரர்களுக்குப் போட்ட பந்தலில் கடைசியில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தியோப்பியர்கள், கானாக்காரர்கள், உஸ்பெக்கியர்கள், நேபாளிகள். இந்தியா வெளியே. இலங்கை உள்ளே. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் விண்ணப்பிக்கலாம், நாகப்பட்டினத்தில் பிறந்தவர் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விழுந்துவிட்டது என்றால் விசா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 50,000 இடத்துக்கு ஒன்றேகால் லட்சம் பேருக்கும் மேல் தேர்வு செய்கிறார்கள். செப்டம்பர் 30 நள்ளிரவுக்குள் நேர்காணல் முடிந்து விசா கைக்கு வரவில்லையென்றால் அந்த ஆண்டின் அதிர்ஷ்டம் அத்தோடு போயிற்று.

இதை ஒழிக்க வேண்டும் என்று பேச்சு பலமாக எழுவது பெரும்பாலும் ஒரு ரத்தக்களரிக்குப் பின்னால்தான். 2017 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் சைக்கிள் பாதையில் லாரியை ஏற்றி எட்டுப் பேரைக் கொன்றவன் 2010-இல் இந்த விசாவில் வந்தவன். மறுநாளே அதிபர் டிரம்ப் ஷூமரின் பெயரைச் சொல்லித் தாக்கினார். வேடிக்கை என்னவென்றால், 2013-இல் மேலவையான செனட்டில் 68-32 என்று நிறைவேறிய பெரிய சீர்திருத்த மசோதாவில், இந்த லாட்டரியை எடுத்துவிட ஷூமரே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மசோதாவைக் கீழவை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2025 டிசம்பரில் பிரௌன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சந்தேக நபர் இதே வழியில் வந்தவர் என்று சொல்லி, திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள்.

நம் ஆட்களிலும் பலர் இதற்குக் கை தட்டுகிறார்கள். “சும்மா குலுக்கிக் கொடுக்கிற ஐம்பதாயிரத்தை, படித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற இந்தியர்களுக்குக் கொடுக்கட்டுமே” என்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த நாடானாலும் மொத்த இடத்தில் 7 சதவீதம்தான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பூடானுக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. அது அப்படியே இருந்தால் ஐம்பதாயிரத்தில் நம் பங்கு 3,500. வேலைவழி வரிசையில் நிற்கும் இந்தியர்கள் லட்சக்கணக்கில். நம் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது அந்த வரம்பு. அடிஸ் அபாபாவில் சீட்டு விழுந்த நர்ஸைத் திட்டிப் பயனில்லை.

அந்த வரம்பை எடுக்க முயலாமலும் இல்லை. 2019 ஜூலையில் கீழவையில் 365-65 என்று ஒரு மசோதா நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றுசேரவில்லை, காலாவதி. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் நம் காத்திருப்பு குறையும், மற்றவர்களுக்குக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நமக்கு நன்றாகத் தெரிந்த குலுக்கல், எச்-1பி. 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. இது குடியேற்ற விசா கிடையாது, தற்காலிக வேலை விசா. ஆனால் பெரும்பாலான இந்தியர்களுக்கு வாசற்படி இதுதான். 2020-இலிருந்து பத்து டாலர் கட்டி இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும் என்றார்கள். ஒரே ஆளுக்கு நான்கு நிறுவனங்கள் பதிந்தால் நான்கு சீட்டு. என்ன நடக்கும்? 2023 மார்ச்சில் 7.5 லட்சத்துக்கும் மேல் செல்லுபடியான பதிவுகள். அதில் 4 லட்சத்துக்கும் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு வைத்திருந்தவர்களுடையவை.

அந்த வருடம்தான் என் அக்கா மகனுக்குக் கடைசி வாய்ப்பு. டெக்சாஸில் முதுகலை முடித்து, ஒரு நல்ல கம்பெனியில் இருந்தான். அவனுக்கு ஒரே பதிவு. ஒரு கன்சல்டன்சியிலிருந்து, பெயர் வேண்டாம், போன் வந்திருக்கிறது. “நாலு கம்பெனி பேர்ல போடுறோம் தம்பி. விழுந்தா அப்புறம் பேசிக்கலாம்.” அவன் பயந்துபோய் மறுத்துவிட்டான். சீட்டு விழவில்லை. இப்போது சிறுசேரியில் அதே கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்கு மீட்டிங் ஆரம்பிக்கும். அக்கா தோசையைத் தட்டில் வைத்துக் கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த வருடமே, ஆளுக்கு எத்தனை பதிவு வந்தாலும் ஒரே சீட்டு என்று மாற்றினார்கள். பதிவுகள் சுமார் 4.7 லட்சமாக இறங்கின. குலுக்கலை ஒழிக்காமலே குலுக்கலைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவருக்கு எச்-1பி மனுப் போட ஒரு லட்சம் டாலர் என்று அதிபர் ஆணை வந்தது. டிசம்பரில் இன்னொரு விதி: சம்பளத்தின் நிலையைப் பார்த்து, நான்காம் நிலைக்கு நான்கு சீட்டு, முதல் நிலைக்கு ஒன்று. சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு இது எளிதாகப் புரியும். குலுக்கல் சீட்டை ஏலச்சீட்டாக மாற்றுகிறார்கள். சம்பளத்துக்கு எடை கொடுப்பதை நான் முழுக்க எதிர்க்கவில்லை. அடிமாட்டுக் கூலிக்கு ஆள் கொண்டுபோவதை அது தடுக்கும். ஆனால் இந்த நிலை என்பது அதே தொழிலில், அதே ஊரில் மற்றவர்கள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டு வருவது. சிலிக்கான் வேலியில் கை நிறைய வாங்கும் புதுப் பட்டதாரி முதல் நிலையில் இருக்கலாம். வேறொரு ஊரில், வேறொரு தொழிலில், அவனைவிடக் குறைவாக வாங்கும் மூத்தவர் நான்காம் நிலையில் இருக்கலாம். திறமை என்று சொல்லி வயதை எடை போடுகிறார்கள்.

புள்ளி போட்டுத் தேர்வு செய்யலாமே என்பார்கள். கனடா 1967-இலிருந்து அதைத்தான் செய்கிறது. ஆனால் பெற்றோரை அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் அவர்களுக்கும் புள்ளி உதவவில்லை. குலுக்கினார்கள்; திட்டு வாங்கினார்கள். 2019 ஜனவரியில் முந்துகிறவருக்கு இடம் என்று மாற்றினார்கள். சில நிமிடங்களில் இணையப் படிவம் மூடிக்கொண்டது. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் அம்மாவை அழைக்க நினைத்த எத்தனையோ பேருக்குப் பெயரை முழுதாக அடிக்கக்கூட நேரமில்லை. மறுபடியும் குலுக்கலுக்கே போனார்கள். மெரிஃபீல்ட் தபால் நிலையம்தான், உறைக்குப் பதில் கீபோர்டு.

கடைசியாக வரிசை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கிய அவருடைய தங்கை 2005-இல் எஃப்-4 மனுப் போட்டார், உடன்பிறந்தோருக்கான பிரிவு. அப்போது அண்ணனின் ஒரே மகன் நான்காம் வகுப்பு. வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்தது என்று சொல்லும் விசா புல்லட்டின் மாதாமாதம் வரும். அண்ணன் அதை ராசிபலன் மாதிரி பார்ப்பார். சில மாதம் ஒரு வாரம் நகரும், சில மாதம் நகராது. 2024-இல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். பையனுக்கு 28 வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. மனுவில் அவனுக்கு இடமில்லை.

அண்ணன் போனாரா என்றுதானே கேட்கிறீர்கள்? போனார்கள், இரண்டு பேரும். ஐந்தாவது மாதம் மருமகள் உண்டாகியிருப்பதாகப் போன் வந்தது, திரும்பி வந்துவிட்டார்கள். கிரீன் கார்டு அண்ணியின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல் என்று நான் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறேன். பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதும் பார்க்கலாம் என்கிறார் அண்ணி.