எலி வளையில இருந்த நெல்லு

நடுவர் ஐயாவுக்கும், பகல் பூரா வேலூர் வெயில்ல வெந்துட்டும் சாயங்காலம் இங்க வந்து உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வரேன்.

கொஞ்ச நேரம் முன்னாடி இதே மேடையில நம்ம பசங்க, 1780ல ஹைதர் அலி படை செங்கம் கணவாய் வழியா ஆற்காட்டு சீமைக்குள்ள எறங்கினத நாடகமா போட்டாங்க. அதுல மனச உலுக்குறது களத்துல நின்ன வீரனா, மதிலுக்குள்ள ஒதுங்கின சனமாங்கறதுதான் தலைப்பு. நான் சனத்தோட பக்கம். எதிரணி அண்ணன் இன்னா சொன்னாரு? "ஒளிஞ்சவனுக்கு எதுக்குய்யா நாடகம், எலி கூடத்தான் பொந்துல ஒளியுது"ன்னாரு. நல்லா கைத்தட்டும் வாங்கினாரு.

அண்ணே, எலி வளைய தோண்டிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். அறுப்பு முடிஞ்ச வயல்ல வரப்போரமா வெட்டுவாங்க, முழங்கை ஆழம் போனா கதிர் கதிரா நெல்லு அடுக்கி வெச்சிருக்கும், ஒரு வளைய வெட்டினா ஒரு படி கூட தேறும். அது குட்டிங்களுக்கு சேத்தது அண்ணே! வெளிய இன்னா நடந்தாலும் உள்ள இருக்கிற வயிறு காயக்கூடாதுன்னு சேத்தது. நீங்க எலின்னு சொன்னத நான் மாலையா வாங்கி கழுத்துல போட்டுக்கறேன்.

நம்ம வேலூர் கோட்டையவே எடுத்துக்குங்க. ஹைதர் படை சுத்தி வளைச்சப்ப வெள்ளக்காரன் கிழக்கிந்திய கம்பெனி ஆளுங்க உள்ள மாட்டிக்கினாங்க. பீரங்கி இருந்துச்சு, அகழி இருந்துச்சு, இல்லாம போனது அரிசி. 1781 நவம்பர்ல ஒரு தடவ, 1782 ஜனவரில ஒரு தடவ கம்பெனி தளபதி அயர் கூட் அரிசி கொண்டாந்து சேத்தாரு. ரெண்டாந்தடவ வழியிலயே நோவு வந்து சுருண்டு விழுந்தும் படைய திருப்பல, அரிசி வந்துதான் சேந்துச்சு. கோட்டைய காப்பாத்தினது கத்தியா சோறா, நீங்களே சொல்லுங்க.

ஊர்சனம் கதி அதவிட மோசம். 1785ல லண்டன் பார்லிமெண்ட்ல எட்மண்ட் பர்க்னு ஒருத்தர், இந்தியா பக்கமே வராத மனுசன், எழுந்து நின்னு இன்னா பேசினாரு? எரியற ஊர விட்டு ஓடின சனம், மதில் இருக்கிற ஊருக்குள்ள பூந்த சனம், நெருப்புக்கும் கத்திக்கும் தப்பிச்சி பஞ்சத்து வாயில விழுந்த சனம், இவங்களத்தான் சொன்னாரு. அவ்ளோ தூரத்துல இருந்தவருக்கு தெரிஞ்ச சனம் நம்ம கண்ணுக்கு எலியா தெரியலாமா அண்ணே?

இப்ப எங்க ஆயா கதைய சொல்றேன். 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டுட்டான், அவசிய வேலை இல்லாதவங்க மெட்ராஸ் பட்டணத்த விட்டு கெளம்புங்கன்னு சர்க்காரே சொல்லிடுச்சு. ஆயாவுக்கு 12 வயசு, சிந்தாதிரிப்பேட்டை. ஒரு டிரங்கு பொட்டி, ஒரு சுருட்டின பாய், ரயில்ல கால் வைக்க எடமில்லாம நின்னுக்கினே காட்பாடி வந்து, வண்டிக்கு காசில்லாம பாலாத்து மணல்ல நடந்து, நம்ம வேலூர் சைதாப்பேட்டையில அத்தை வூட்டுக்கு வந்து சேந்தாங்க. ஆறு பேர் இருந்த வூடு. அன்னிக்கி ராத்திரி இருபத்திமூணு பேர்.

பக்கத்து வூட்டம்மா ஆயாவ பாத்து "சாப்டியாம்மா?"ன்னு கேட்டாங்க. முந்தின நாள்ல இருந்து பச்சத்தண்ணி மட்டும் குடிச்ச பொண்ணு, "சாப்டேங்க"ன்னு சொல்லிச்சி. நல்லா கேளுங்க, பசியில கண்ணு இருட்டுது, வாய் சொல்லுது "சாப்டேங்க". அத்தை சட்டுனு திரும்பி, "கேக்காதக்கா, கேட்டா அப்படித்தான் சொல்லும், தட்ட வை"ன்னாங்க. அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்த வூட்ல யாரும் யாரையும் சாப்டியான்னு கேக்கல, வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா தட்டு வந்துடும். அத்தைய யாராச்சும் கேட்டா மட்டும் "எனக்கு அப்பவே ஆச்சு". நாலாம் நாள் ராத்திரி ஆயா முழிச்சிப் பாத்தா, அடுப்பாண்ட இருட்டுல அத்தை உக்காந்து வடிச்ச கஞ்சித்தண்ணிய குடிச்சிக்கினு இருந்தாங்களாம், சத்தம் வரக்கூடாதுன்னு முந்தானையால டம்ளர மூடிக்கினு.

அந்த அத்தை கையில வாள் இல்ல அண்ணே.

எங்க ஆயா சாகறவரைக்கும் யாரையும் சாப்டியான்னு கேட்டதில்ல. கடைசில கண்ணு தெரியாம ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க, ராத்திரி பெருக்க வர்ற அம்மாவோட காலடி சத்தம் கேட்டுச்சி, என் கைய புடிச்சி இழுத்து, "தட்ட வைடா"ன்னாங்க. அங்க ஏது தட்டு? பிஸ்கட் பாக்கெட்ட எடுத்து குடுத்தேன். அந்தம்மா வாங்கிக்கினு அங்கயே நின்னு அழுதாங்க, ராத்திரி சாப்புடாம வந்திருக்காங்க.

நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிட்டேன். எதிரணி அண்ணே, மேடைக்கு பின்னாடி எங்க வூட்ல இருந்து சோறு கொண்டாந்து வெச்சிருக்காங்க. சாப்டீங்களான்னு கேக்க மாட்டேன், தட்டு வெச்சாச்சு. வணக்கம்.