சம்பா கோவில் சுவரும் ஒரு நாட்குறிப்பும்

(காட்சி: புதுச்சேரி மிஷன் வீதி. பேராலயத்தின் முகப்பு.)

வணக்கம். இது அமலோற்பவ மாதா பேராலயம். ஊர்க்காரர்களுக்குச் சம்பா கோவில். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1791-ல் வந்தது. அதற்கு முன் இங்கே இருந்த கோவிலுக்குள், வடக்குப் பக்கமாக, ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். பீடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

இதைப் பற்றி வீடியோ போடத் தூண்டியவர், கடலூரில் ஓய்வில் இருக்கும் ஒரு பங்குச்சாமியார். கொஞ்ச நாளாக அவர் கையில் இருப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. "சாமி, இதையெல்லாம் படிச்சா மனசு சங்கடப்படாதா?" என்று கேட்டேன்.

"படத்தான் செய்யும்ப்பா. நம்ம வீட்டுக் கதையைப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதி வச்சிருக்கார். அதைப் படிக்காம எப்படி விடறது?"

(காட்சி: நாட்குறிப்புத் தொகுதிகள், பக்கங்கள் புரள்கின்றன.)

பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்தவர், இந்து. 1736 முதல் 1761 வரை ஊரில் நடந்ததையெல்லாம் தமிழில் எழுதிவைத்தார். 1846-ல்தான் அந்த ஏடுகள் வெளியே தெரிந்தன.

1745 அக்டோபர் பகுதிக்கு வருவோம். தலித் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போகிறார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, கடவுளுக்கு முன்னால் எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று நியாயம் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்று பட, அவர் சுவரை எடுக்கச் சொல்கிறார்.

இந்த இடத்தில் கடலூர்ச் சாமி இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 1703-ல் ரோமிலிருந்து திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்தவர் துர்னோன். மறுவருடம் அவர் போட்ட ஆணையில், நோயுற்ற தலித் கிறிஸ்தவர்களின் வீட்டுக்கே குருக்கள் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால் அதுவரை நிலைமை எப்படி இருந்திருக்கும்! உள்ளூர் வழக்கங்களையும் சாதிப் பழக்கங்களையும் கிறிஸ்தவர்கள் எவ்வளவு தூரம் வைத்துக்கொள்ளலாம் என்ற மலபார் சடங்குகள் சச்சரவு நாற்பது வருடம் இழுத்து, 1744-ல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடுதான் முடிந்தது. சுவர் விழுந்தது அதற்கு அடுத்த வருடம். ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கேள்வி கேட்டு, குருவின் முகத்துக்கு நேரே நின்றவர்கள் இந்த ஊர் மக்கள். என்னைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தில் விசுவாசம் அவர்களிடம்தான் தெரிகிறது.

அப்புறம், படிக்கவே கஷ்டமான பகுதி. 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். சம்பா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோவிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கிறார்கள். சேசு சபையைச் சேர்ந்த காரைக்கால் சாமியார் கேர்து லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று எழுதுகிறார் பிள்ளை. அதே கேர்துதான் பின்னாளில் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று 1767-ல் பாரீசுக்கு எழுதிய அறிஞர். இரண்டும் ஒரே மனிதர் என்பதை ஏற்க எனக்குச் சிரமமாக இருந்தது. சாமி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதையும் சேர்த்துத்தான் நம்ம திருச்சபை" என்றார்.

(காட்சி: வேதபுரீஸ்வரர் கோவில் கோபுரம், இன்று.)

வேதபுரீஸ்வரர் பிறகு வேறு இடத்தில் கோவில் கொண்டார். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது சம்பா கோவிலும் தரைமட்டமானது.

சரி, பிள்ளை எழுதியதை அப்படியே நம்பலாமா? அங்கேயும் சாமி கண்ணை மூடிக்கொண்டு படிக்கவில்லை. பிள்ளைக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் கிறிஸ்தவர். இருவருக்கும் போட்டி இருந்தது. துய்ப்ளேக்ஸின் மனைவியையும் பிள்ளைக்கு ஆகாது. அதனால் அவர்களைப் பற்றிய வரிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தினம் தினம் எழுதியவர் என்பதால், நாள், இடம், யார் வந்தார் போனார் என்பவற்றில் அவரைத் தள்ளிவிடவும் முடியாது.

1881-ல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. பொய் சொல்லத் துணியாதே, உண்மையைச் சொல்ல அஞ்சாதே என்ற பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் விதியை வரலாறு எழுதுவோருக்கு அவர் 1883-ல் நினைவூட்டினார். அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார் சாமி. அடுத்து, பிள்ளை காலத்துச் சேசு சபையார் பிரான்சுக்கு எழுதிய கடிதங்களை எடுக்கப்போகிறார். இடித்தவர்கள் தரப்பில் என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.