மன்னிக்கப்படாத பாவமும் நம் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையும்

(லெந்து காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களே, சேகரச் செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆண்கள் ஐக்கிய சங்கத்தாரே, நாற்காலி வாடகையிலிருந்து சுக்குக் காபி வரை பொறுப்பெடுத்துக்கொண்ட பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, அழைப்பை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை அவர்களே, நம் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அனைவருக்கும் என் தோத்திரங்கள். தலைவர் அம்மா வேறு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமாம். ஆனாலும் நான் சொல்லப்போகும் கடைசி விஷயம் அவர்கள் காதிலும் விழ வேண்டும் என்பதால் சீக்கிரம் பேசிவிடப் பார்க்கிறேன். பங்குத்தந்தையையும் இன்று நான் விடப்போவதில்லை. அவர்கள் திருச்சபை 1983இல் செய்த ஒரு காரியம் எனக்குத் தேவைப்படுகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மன்னிக்கப்படாத பாவம்’. நான்கு காரியங்கள் சொல்லலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். மத்தேயு 12ஆம் அதிகாரமும் மாற்கு 3ஆம் அதிகாரமும் முதலாவது. சபைப் பிதாக்கள், அதாவது திருச்சபையின் பழைய ஆசிரியர்கள், என்ன சொன்னார்கள் என்பது இரண்டாவது. எபிரெயர் 6ஆம் அதிகாரம் மூன்றாவது. யோவான் தன் முதல் நிருபத்தில் சொல்லும் ‘மரணத்துக்கு ஏதுவான பாவம்’ நான்காவது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் என் பழமொழி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதை விட்டால் உனக்கு வேறு பழமொழியே தெரியாதா என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். தெரியும். ஆனால் இந்தத் தலைப்புக்கு இதுதான் சரி.

சரி, வசனத்துக்கு வருவோம். பிசாசு பிடித்த ஒருவன். கண் தெரியாது, பேச்சும் வராது. இயேசு அவனைக் குணமாக்குகிறார். ஜனங்கள் ஆச்சரியப்பட்டு, இவர் தாவீதின் குமாரனோ என்கிறார்கள். அங்கே இருந்த பரிசேயர், இவன் பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலைக்கொண்டுதான் பிசாசுகளைத் துரத்துகிறான் என்கிறார்கள். எருசலேமிலிருந்து வந்திருந்த வேதபாரகர், அதாவது வேதச் சட்டம் படித்த பண்டிதர்கள், இதைச் சொன்னதாக மாற்கு எழுதுகிறார். விசாரிக்கவென்றே தலைநகரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் இயேசு அந்த வார்த்தையைச் சொல்கிறார். எந்தப் பாவமும் எந்தத் தூஷணமும் மனுஷருக்கு மன்னிக்கப்படும், ஆவியானவருக்கு விரோதமான தூஷணமோ மன்னிக்கப்படுவதில்லை. தூஷணம் என்றால் இழித்துப் பேசுவது.

நம்மில் பலர் அந்த இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறோம். முதல் பாதியில் ‘எந்தப் பாவமும்’ என்று சொன்னவரும் அவர்தானே? தனக்கு விரோதமாகப் பேசினால்கூட மன்னிப்பு உண்டு என்று அதே இடத்தில் சொல்கிறார். பேதுரு சபித்துச் சத்தியம் பண்ணி மறுதலித்தான், மன்னிப்புக் கிடைத்தது. பவுல் தானே தூஷித்ததோடு நிற்காமல், விசுவாசிகளைத் தண்டித்து அவர்களையும் தூஷணம் சொல்லக் கட்டாயப்படுத்தினேன் என்று அகிரிப்பா ராஜாவுக்கு முன்னால் ஒப்புக்கொள்கிறான். அவனுக்கும் கிடைத்தது.

அப்படியானால் வேதபாரகருக்கு மட்டும் ஏன் அவ்வளவு கடுமை? மாற்கு ஒரு வரியில் காரணம் சொல்லிவிடுகிறார்: இயேசு அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று அவர்கள் சொன்னதால். குணமான மனிதன் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கிறான், பார்க்கிறான், பேசுகிறான். அது நல்லது என்று தெரிந்தும், தங்கள் இடம் போய்விடுமே என்று அதைப் பேயின் வேலை என்கிறார்கள். மருந்து கொண்டுவருகிற கையை விஷம் வைக்கிற கை என்று சொல்லித் தட்டிவிடுகிறவனுக்கு அப்புறம் எந்தக் கை மருந்து கொடுக்கும்? மன்னிக்கிறவருக்கு மனமில்லாமல் இல்லை. வாங்குகிறவன் கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

என் பழமொழியை இங்கே வைத்துப் பாருங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேதபாரகர் அரண்டவர்கள் அல்ல. அவர்கள் பார்த்தது இருட்டும் அல்ல. துளிப் பயமில்லாமல் வெளிச்சத்தைப் பார்த்துப் பேய் என்றவர்கள். ‘ஐயையோ, நான் அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ’ என்று நடுங்குகிறவன் அவர்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறான். அந்த நடுக்கமே அவன் அதைச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. போதகர்கள் காலகாலமாகச் சொல்லிவருவது இதைத்தான். ஆனால் நடுங்குகிறவன் நம்ப மாட்டான்.

நம்பாத ஒருவர் கதை சொல்கிறேன். ஜான் பனியன். 1628இல் இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற ஊரில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைத்துக் கொடுப்பது குடும்பத் தொழில். பின்னாளில் அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். 1678இல் அவர் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத்தான் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தழுவி, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமாகவே பாடிவைத்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கிறார்களா என்று கேட்க மாட்டேன், பதில் தெரியும்.

இந்தப் பனியன் இளைஞராக இருக்கும்போது மனதுக்குள் ஒரு குரல். ‘கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு, விற்றுவிடு.’ சாப்பிட உட்கார்ந்தால் அது. விறகு பிளந்தால் அது. கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கக் குனிந்தால், ‘இந்த ஊசிக்காக விற்றுவிடு.’ இவரும் விடாமல் பதில் சொல்கிறார்: ‘மாட்டேன், மாட்டேன், ஆயிரமாயிரம் உலகம் தந்தாலும் மாட்டேன்.’ ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஒரு வருஷம்! ஒரு காலை படுக்கையில் கிடக்கும்போது அதே குரல் மறுபடி தொடங்குகிறது. மனிதர் களைத்துப் போய்விட்டார். ‘அவர் போக விரும்பினால் போகட்டும்’ என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடிவிட்டது. வாயால்கூடச் சொல்லவில்லை ஐயா, ஒரு நினைப்பு.

அவ்வளவுதான். மரத்து உச்சியில் சுடப்பட்ட பறவைபோல விழுந்தேன் என்று 1666இல் எழுதிய தன்வரலாற்றில் சொல்கிறார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு உரிமையை விற்ற ஏசா நான்தான், எனக்கு மனந்திரும்பவும் வழியில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். தாவீது பாவம் செய்தான், மனாசே செய்தான், பேதுரு செய்தான், எல்லாவற்றையும் சேர்த்தாலும் என்னுடையதற்கு ஈடாகாது என்று கணக்குப் போட்டார். பக்கத்து ஊரில் தெருவோரத்து ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வானத்துச் சூரியன் எனக்கு வெளிச்சம் கொடுக்கக் கூசுகிறது, தெருக்கல்லும் கூரை ஓடும் எனக்கு எதிராகச் சேர்ந்து நிற்கின்றன என்று தோன்றியதாம். ஓட்டுக்கூரையைப் பார்த்துமா பயப்படுவார்கள்? அரண்டவன் கண்ணுக்கு, நீங்களே சொல்லுங்கள்! (கூட்டம் பழமொழியைச் சொல்லி முடிக்கிறது.)

தாங்க முடியாமல் வயதான விசுவாசி ஒருவரிடம் போனார். ‘ஐயா, பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தை நான் செய்துவிட்டேன் என்று பயமாக இருக்கிறது’ என்று எல்லாவற்றையும் கொட்டினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.’

சிரிக்கிறீர்கள். பனியனுக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஆனால் அவர் பெரிய மனதுக்காரர். கிழவர் நல்லவர்தான், பிசாசோடு அதிகம் மல்லுக்கட்டிப் பழக்கமில்லாதவர் என்பதோடு விட்டுவிடுகிறார். நம் சபைகளிலும் அந்தக் கிழவர்கள் இருக்கிறார்கள். வயது முப்பதாகவும் இருக்கலாம், கையில் மைக்கும் இருக்கலாம். அழுதுகொண்டு வருகிறவர்களிடம், ‘ஆவியானவர் உன்னை விட்டுப் போய்விட்டார்’ என்று கூசாமல் சொல்லி அனுப்புகிறார்கள்.

பனியன் எப்படி மீண்டார்? ஒரே நாளில் இல்லை. ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ என்ற யோவான் 6:37ஐச் சாத்தான் ஒரு முனையில் பிடித்து இழுக்க, தான் மறுமுனையில் பிடித்து இழுத்ததாக எழுதுகிறார். அவரையே கேட்டால் வேதத்தில் வேறெந்த வசனத்துக்காகவும் இப்படி மல்லுக்கட்டவில்லை என்பார். அப்புறம் ‘என் கிருபை உனக்குப் போதும்’. நாம் ஸ்டிக்கராக பைக்கில் ஒட்டிவைத்திருக்கிறோமே, அதே வசனம். அந்த மனிதருக்கு அது உயிர்.

இரண்டாவது, பிதாக்கள். ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின், வேதம் முழுவதிலும் இதைவிடக் கடினமான கேள்வி இல்லை போலும் என்று பிரசங்கத்திலேயே சொன்னவர். அவர் எட்டிய முடிவு, சாகும்வரை மனந்திரும்ப மறுப்பதே அந்தப் பாவம் என்பது. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஆவிக்கு விரோதமான பாவங்களை ஆறாக வகுத்துப் பேசுகிறார். கடவுள் மன்னிக்கவே மாட்டார் என்ற அவநம்பிக்கையும் எப்படியும் மன்னித்துவிடுவார் என்ற துணிச்சலும் அந்த ஆறில் அடக்கம். மற்ற நான்கையும் பங்குத்தந்தை சொல்வார். பிற்காலத்துப் போதகர்கள் கால்வின், வெஸ்லி எல்லாரும் இருக்கிறார்கள், நேரம்தான் இல்லை.

மூன்றாவது எபிரெயர் 6. அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊராட்சித் தலைவர் அம்மா கிளம்பிவிடுவார்கள்.

மன்னிக்கப்படாத பாவம் எது என்று நம் தெருவில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெயெல்செபூலை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘தற்கொலை’ என்பார்கள். எந்த அதிகாரம், எந்த வசனம்? கிடையாது. ஆனால் அந்த வசனமில்லாத நம்பிக்கையை வைத்துத்தான் நம் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலை இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். மதிலையொட்டி, முள்செடிக்குள், மணி அடிக்காமல், பாட்டுப் பாடாமல் கொண்டுபோய் வைத்த பிள்ளைகள். கமிட்டிக்கு எத்தனையோ மனு போட்டாயிற்று. ‘இவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார்’ என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும்.

வேதத்தையே எடுப்போம். தாவீதின் ஆலோசகனாக இருந்த அகித்தோப்பேல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இரண்டாம் சாமுவேல் 17:23 என்ன சொல்கிறது? அவன் தன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டான். தகப்பன் கல்லறையில்! வடக்கு மூலையில் இல்லை. சவுல் ராஜா தன் பட்டயத்தின்மேல் விழுந்தான். யாபேஸ் கீலேயாத்தின் பலசாலிகள் இராமுழுதும் நடந்துபோய் அவன் உடலை எடுத்துவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அதற்காகத் தாவீது அவர்களை ஆசீர்வதிக்கிறான்.

இப்படி இறந்தவர்களுக்கு முறையான அடக்கத்தை மறுப்பது எப்போது வந்தது? ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரத்தில் கூடிய சங்கம், இப்படி இறந்தவர்களுக்கு வழிபாடும் சங்கீதமும் கூடாது என்றது. இங்கிலாந்துச் சட்டமோ அவர்களை நாற்சந்தியில் புதைக்கவைத்தது, 1823 வரைக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் இந்தத் தடை இருந்தது. பங்குத்தந்தை அவர்களே, 1983 தொகுப்பில் அதை எடுத்துவிட்டீர்கள். 1992இல் வந்த உங்கள் மறைக்கல்வி நூல், தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றே சொல்கிறது. ரோமில் எடுத்த முள்வேலியை நம் ஊரில் எடுக்க இன்னும் எத்தனை கமிட்டி கூட வேண்டும்?

‘இம்மானுவேலின் ரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே’. நற்கருணை ஞாயிறுதோறும் உருகிப் பாடுகிறோமே, இதன் ஆங்கில மூலத்தை எழுதிய வில்லியம் கூப்பர், 1763இல் மனம் கலங்கித் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பல முறை முயன்றவர். தப்பினார். டாக்டர் ஒருவரின் பராமரிப்பில் தேறினார். நண்பரான போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாட்டுகள் எழுதினார், அவை 1779இல் புத்தகமாயின. ஆனால் அதற்கு முன்பே, 1773இல், நீ தொலைந்தாய் என்று ஒரு கனவு கண்டவர், அதற்குப்பின் கோயிலுக்கே போகவில்லை. எல்லாப் பாவியையும் கழுவுகிற ஊற்று தனக்கு மட்டும் இல்லை என்று நம்பியே 1800இல் இறந்தார். அந்த 1763இல் அவர் போயிருந்தால் நம் பெரியவர்கள் எந்த மூலையைக் காட்டியிருப்பார்கள்? அங்கே வைத்துவிட்டு வந்து எந்தப் பாட்டைப் பாடியிருப்போம்?

‘இப்படித் தளர்த்தினால் சாவு கூடிவிடும், பயம் இருக்க வேண்டும்’ என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இவ்வளவு நேரம் சொன்னதே இதற்காகத்தான். ஏற்கெனவே இருட்டில் நிற்கிறவனை மேலும் பயமுறுத்தினால் அவன் யாரிடமும் வாய் திறக்க மாட்டான். அவனுக்கு வேண்டியது ஜெபம், கூடவே டாக்டர். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். கோயில் அறிவிப்புப் பலகையில் காணிக்கைக் கணக்குக்கு மேலே அந்த எண்ணை ஒட்டுங்கள்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். தீர்மானம் இரண்டு வரிதான். ஒன்று, நம் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் தனி மூலை இல்லை, எல்லா அடக்கத்துக்கும் மணியும் பாட்டும் உண்டு. இரண்டு, வடக்கு மூலையில் கிடக்கிறவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் பெயர் வாசித்து ஜெபம். மதிலை ஒட்டிய பாதையைச் சுத்தம் செய்ய ஊராட்சியின் உதவி தேவை, தலைவர் அம்மா குறித்துக்கொண்டார்கள், நன்றி. தீர்மானத்தின் நகல் சுக்குக் காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். விட்டுப்போன எபிரெயர் 6உம் யோவானும் வேண்டும் என்கிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.