ஒன்பது தண்ணீர் கேன்

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்க்கிறேன். சமையலறை மூலையில் அந்த நீலக் கேன் தெரிகிறதா? 20 லிட்டர். இதைத் தூக்கிக் கவிழ்ப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி ஒன்பது கேன், அதாவது சுமார் 180 லிட்டர் நீரை, நம் கிட்னி இரண்டும் ஒரே நாளில் இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. சிறுநீராகப் போவதோ ஒன்றரை லிட்டர் சொச்சம். மீதி?

கெட்டதை மட்டும் பொறுக்கி வெளியே தள்ளும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போகிக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்வோம் இல்லையா? எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, வேண்டியதைத் திரும்ப ஏற்றுவோம். கிட்னியின் வழியும் அதுதான். ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழாய்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நூல்கண்டு மாதிரி சுருண்ட மெல்லிய இரத்தக்குழாய்கள், பெயர் குளோமெருலஸ். இரத்தம் அழுத்துகிற வேகத்தில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் அங்கே கசிந்து இறங்கிவிடும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இறங்காது. சிறுநீர் நாள்கணக்கில் நுரைத்தால் டாக்டர் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இறங்கியதில் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும், தண்ணீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கும் குழாயின் முதல் வளைவுகளிலேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். எனக்குப் பிடித்த இடம் குழாயின் கடைசிப் பகுதி. பேரம் நடப்பது அங்கேதான்.

நேற்று மதியம் இரண்டு மணி நேரம் வெயிலில் ஷூட்டிங். பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து பாத்ரூம் போனால், நல்லெண்ணெய் நிறம்! வியர்வையில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் உப்பு கெட்டிப்படும். மூளை அதை மோப்பம் பிடித்து ஏ.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். உடனே குழாய்ச் சுவரில் அக்வாபோரின் என்கிற நீர்க்கதவுகள் வந்து பொருந்தும், தண்ணீர் அவற்றின் வழியே உடம்புக்குத் திரும்பும். உடம்பில் இப்படிக் கதவுகள் இருப்பதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

அப்புறம் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் பச்சைத்தண்ணீர் மாதிரி. ஹார்மோன் குறைந்துவிட்டது, கதவுகளும் சுவரைவிட்டு உள்ளே போய்விட்டன.

பீர் அடிக்கும் நண்பன் ஏன் எழுந்து எழுந்து ஓடுகிறான் என்றால், மது இந்த ஹார்மோனையே அமுக்கிவிடுகிறது. மறுநாள் காலையில் நாக்கு வறண்டு, "மச்சி, தண்ணி" என்பான்.

இருங்கள், காலிங்பெல். கேன் போடும் அண்ணன் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. கொண்டுவந்தது இரண்டே இரண்டு கேன்.