சுவரில் பதிந்த ஆசை

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவர் எப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் யார் வீட்டையும் குறை சொன்ன பாவம் வந்து சேராது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருக்கும் அறையை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். "இது இன்ன வருடம் செய்த வேலை" என்று வெளியாள் ஒருவர் வாசலிலேயே நின்று சொல்லிவிடக்கூடியதாக ஏதாவது கண்ணில் படுகிறதா? இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். சாம்பல் நிறம் கொடிகட்டிப் பறந்த நாட்களில் என் கூடம் முழுவதையும் சாம்பலாக்கினேன். சுவர் சாம்பல், சோபா சாம்பல், தரையில் மரம் மாதிரி ரேகை போட்ட சாம்பல் டைல்ஸ். படம் எடுத்தால் அபாரமாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பூச்சு வேலை முடிஞ்சிடுச்சு போல. பெயிண்ட் எப்ப அடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுவரைப் பார்த்தால் சிமென்ட்தான் தெரிகிறது.

ஏன் உலகமே ஒரே சமயத்தில் சாம்பலுக்கு மாறியது? பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம் இரண்டும் 2010இல் தொடங்கியவை. அதற்குப் பிறகு, ஒருவர் வீட்டுக் கூடத்தை உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்றானது. சாம்பல் அந்தச் சின்னத் திரைக்கு ஏற்ற நிறம். எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் படத்தைக் கெடுக்காது. வீட்டை விற்க நினைப்பவருக்கும் அது வசதி, வாங்க வருகிறவருக்குப் பிடிக்காமல் போகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது என்று தேர்ந்தெடுத்த நிறம், கடைசியில் யாருக்கும் ரொம்பப் பிடித்த நிறமாகவும் இல்லாமல் போயிற்று.

நிறங்களைத் தரப்படுத்துகிற பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து 'இந்த வருடத்து நிறம்' என்று ஒன்றை அறிவித்து வருகிறது. 2021க்கு அவர்கள் சொன்னவை இரண்டு: சாம்பலும், கூடவே ஒரு மஞ்சளும். 2025க்குப் பழுப்பு. 2026க்கு வெள்ளை. ஐந்தே வருடத்தில் சாம்பலிலிருந்து பழுப்பு வழியாக வெள்ளைக்கு வந்துவிட்டோம். பெயிண்டுக்கு இந்த வேகம் பரவாயில்லை, ஒரு வாரம் ஒதுக்கினால் மாற்றி அடித்துவிடலாம். குளியலறை டைல்ஸ் என்ன செய்யும்?

ஜேம்ஸ் லேவர் என்று ஒரு ஆங்கிலேயர் இருந்தார். உடைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். நாகரிகம் எப்படிப் பழசாகிறது என்பதற்கு அவர் ஒரு கால அட்டவணையே போட்டார். இன்று எடுப்பாகத் தெரியும் உடை, ஒரு வருடம் கழித்து மங்கலாகத் தெரியும். 10 வருடத்தில் அருவருப்பு. 20 வருடத்தில் கேலிக்கூத்து. 30இல் வேடிக்கையாக இருக்கும், 50இல் 'அட, இதுவும் ஒரு தினுசாக நன்றாயிருக்கிறதே' என்று தோன்றும். 100 வருடத்தில் கற்பனையைத் தூண்டும், 150இல் பேரழகு.

பாதி விளையாட்டாகப் போட்ட கணக்காக இருக்கலாம். ஆனால் அதை உடையிலிருந்து வீட்டுக்கு மாற்றிப் பாருங்கள், பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிடும். சட்டை மங்கலாகத் தெரிந்தால் பெட்டிக்குள் போய்விடும். சுவரில் பதித்த டைல்ஸும் பிளைவுட் அடித்துச் செய்த அலமாரியும் அப்படிப் போகாது. அவை உழைப்பதே பத்து, இருபது வருடம். அதாவது, அருவருப்பிலிருந்து கேலிக்கூத்து வரைக்குமான காலம் முழுவதும் அவற்றின் முகத்தில்தான் நாம் விழிக்க வேண்டும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் இடிக்கிறோம். அழகாகிற வயது வரை அவற்றை யாரும் விட்டு வைப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்தது இது. 1950களில் இளஞ்சிவப்புக் குளியலறைதான் பெருமை. அதிபர் ஐசனோவரின் மனைவி மேமிக்கு அந்த நிறத்தின் மேல் இருந்த பிரியமும் அதற்கு ஒரு காரணம். தொட்டி, கழுவுதொட்டி, டைல்ஸ் எல்லாம் இளஞ்சிவப்பு. 1970களில் அவகாடோ பச்சை வந்தது, குளிர்சாதனப் பெட்டி முதல் எல்லாவற்றிலும். பிற்பாடு இரண்டையும் கண்டாலே முகம் சுளித்தார்கள், பெயர்த்து எறிந்தார்கள். இப்போது, தப்பிப் பிழைத்த இளஞ்சிவப்புக் குளியலறைகளை இடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள்!

சரி, இன்றைக்கு நம்மைச் சுற்றி இருப்பவற்றில் எவை சீக்கிரம் பழசாகத் தெரியும்? என் கணிப்பைச் சொல்கிறேன். சண்டைக்கு வரலாம்.

சுவரில் வரிவரியாகக் குழிவு விட்டு ஒட்டுகிறார்களே, அந்தப் பலகைகள். டிவிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், வரவேற்பறை மேசையின் முன்பக்கத்தில், எங்கு பார்த்தாலும் அதுதான். உண்மையான மரத்தில் செதுக்கினால் அழகான வேலைதான், பழைய கோயில் தூண்களிலும் கிரேக்கத் தூண்களிலும் இருப்பதுதானே. ஆனால் இப்போது பரவியிருப்பது பெரும்பாலும் மேலே மரத்தோல் மாதிரி தாள் ஒட்டிய பிளாஸ்டிக். ஒவ்வொரு வரியும் தூசிக்கு ஒரு வீடு. எது மலிவான நகலாகி எல்லாத் தெருவுக்கும் வந்துவிடுகிறதோ அதுதான் முதலில் கண்ணுக்குப் புளிக்கும். என் சாம்பல் தரைக்கு நேர்ந்ததும் இதே கதிதான். அது மரமும் இல்லை, டைல்ஸ் என்று ஒத்துக்கொள்ளவும் அதற்கு மனமில்லை.

அடுத்து, ஃபால்ஸ் சீலிங். கூரைக்குள் படி படியாகப் பள்ளம் செய்து, உள்ளே எல்இடி பட்டையை ஒளித்து வைப்பது. கல்யாண மண்டபத்துக்குச் சரி. எட்டடிக்குப் பக்கத்தில் கூரை இருக்கும் படுக்கையறைக்கு அது தலைக்கு மேல் ஒரு மூடி. அந்தப் பட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் ஒரு நாள் செத்துப்போகும். அதை எடுக்க வழி விடாமல் மூடியிருந்தால் சீலிங்கை அறுக்க வேண்டும். மற்றவர்கள் அறுத்ததைப் பார்த்திருக்கிறேன், நானே அறுக்கச் சொல்லியும் இருக்கிறேன். வெளிச்சத்தின் நிறமும் பழசாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 6500 கெல்வின் என்று போட்ட நீலவெள்ளை விளக்கை வீடெல்லாம் மாட்டிய காலம் ஒன்று இருந்தது, இன்று அதைப் பார்த்தால் கடை ஞாபகம் வருகிறது. 2700, 3000 என்று போட்ட மஞ்சள் வெளிச்சம், நெருப்பும் குண்டு பல்பும் பழக்கிவிட்ட வெளிச்சம். அது அத்தனை சுலபமாக அலுக்காது.

கதவில்லாத சமையலறை ஷெல்ஃப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எண்ணெய்ப் புகைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும் என்பதை மனிதன் ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்துவிட்டான். சுருள் சுருளான நூலில் நெய்த வெள்ளைச் சோபாவும் அப்படித்தான். பூனை வளர்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். சுவரில் 'சிரி, நேசி, வாழ்' என்று எழுதி மாட்டுவது ஏற்கெனவே போய்விட்டது. போகட்டும்.

வெள்ளை நீள்சதுர டைல்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். மூன்று அங்குலம் உயரம், ஆறு அங்குலம் நீளம். 1904இல் நியூயார்க்கில் சுரங்க ரயில் திறந்தபோது நிலையச் சுவர்களில் பதித்தது. நிலத்துக்கு அடியில் வெளிச்சம் குறைவு, வெள்ளை அதைத் திருப்பித் தரும். அழுக்கு பட்டால் உடனே தெரியும், துடைத்தால் போய்விடும். 120 வருடமாக இருப்பதை, பழசாகப் போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதையே மீன்முள் மாதிரி சாய்த்துப் பதித்து, இடைவெளியில் கறுப்புக் கிரவுட் அடைக்கிறார்களே, அதற்கு வருடம் உண்டு. டைல்ஸ் நிற்கும், பதித்த தினுசு நிற்காது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் சாம்பலை விட்டுப் பழுப்புக்கும், வளைவு வைத்த அலமாரிக்கும் மாறிவிடுகிறோம்" என்பீர்கள். 2040இல் ஒரு பையன் உங்கள் வீட்டுக்குள் வந்து, "ஓ, இருபதுகளில் கட்டினதா?" என்பான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதிலிருந்து முழுசாகத் தப்ப முடியாது. அதனால் வாடிக்கையாளர் ஒரு படத்தைக் காட்டி "இது வேண்டும்" என்றால் நான் ஒன்றுதான் கேட்பேன்: இதை வேண்டாம் என்று முடிவு செய்யும் நாளில் சுத்தியல் தேவைப்படுமா? தேவையில்லை என்றால் தாராளமாக ஆசைப்படலாம். திரைச்சீலை, தலையணை உறை, மேசை விளக்கு, ஒரே ஒரு சுவரின் பெயிண்ட், இவையெல்லாம் ஆசைக்கென்றே இருக்கும் இடங்கள். சுத்தியல் வேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்து வந்து அதே படத்தைக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் வேறு படத்தோடு வருவார்கள்.

பழசாகாமல் நிற்பவையும் இருக்கின்றன. தோனெட் என்பவர் 1859இல் கொண்டு வந்த 14ஆம் எண் நாற்காலியைச் சொல்லலாம். நீராவியில் மரத்தை இளக்கி வளைத்துச் செய்தது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி போகும். அதில் எதையாவது கழித்துவிடலாமா என்று நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. தேவைக்கு மேல் எதுவும் இல்லாததில், பழசாகிப் போவதற்கும் எதுவும் இருப்பதில்லை போலும்.

என் வீட்டுச் சாம்பல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுவர்களுக்கு வேறு நிறம் அடித்துவிட்டேன். பெரிய அலமாரிக்குப் பின்னால் மட்டும் ஒரு பட்டை அப்படியே இருக்கிறது, அதை நகர்த்த ஆள் சேரவில்லை. தரை டைல்ஸுக்குச் சுத்தியல் வேண்டும் என்பதால் அதுவும் அங்கேயேதான் கிடக்கிறது. லேவர் கணக்குப்படி அது இப்போது அருவருப்புக்கும் கேலிக்கூத்துக்கும் நடுவில். வேடிக்கையாகத் தெரிய இன்னும் பதினேழு வருடம் இருக்கிறது. ஒரு கம்பளத்தை விரித்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.