கோச்சி வராத கொடிகாமம்

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் கொடிகாமத்தின் புகையிரத நிலையத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். கோச்சி, அதாவது புகையிரதம், ஓடிய காலத்தைவிட, ஓடாமல் கிடந்த 24 வருடங்களைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது.

1902 மார்ச்சில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை கோச்சி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பாதை எங்கள் ஊரைத் தாண்டிப் பளை வரை நீண்டது. தெற்குப் பாதையோடு சேர்ந்தது 1905இல். அதுவரை குடாநாட்டுக்குள்ளேயே போய் வந்த கோச்சி அது.

குடாநாட்டின் வடகிழக்கில் இருக்கும் வடமராட்சிக்குத் தண்டவாளம் இல்லை. அதனால் அந்தப் பக்கத்துச் சனம் கொடிகாமத்தில் இறங்கி, வரணி, நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்குப் போகும். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு மேடையில் காத்திருப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் அந்த மேடையே பழ வாசம் வீசும்.

1990 ஜூனில் போரால் எல்லாம் நின்றது. பிறகு தண்டவாளத்தின் கீழே கிடந்த சிலிப்பர் மரக்கட்டைகள் போயின, தண்டவாளமும் போனது. போரிட்டவர்கள் காவலரண்களுக்கு எடுத்தார்கள், சனங்கள் ஷெல்லுக்கு ஒளிய வெட்டிய பதுங்குகுழிக்கு, அதாவது பங்கருக்கு, எடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பங்கருக்கு மேலே அடுக்கியதும் சிலிப்பர் கட்டைகள்தான். அவற்றின் மேல் மண்மூட்டை, கீழே நாங்கள் ஐந்து பேர். ஷெல் விழும்போது அம்மா அந்தக் கட்டையைக் கையால் தொட்டபடி தேவாரம் சொல்லுவார். அதைக் களவு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மனம் நோகும். அந்தக் கட்டைகள் இல்லையென்றால் நான் இங்கே வந்து பேச மாட்டேன்.

சல்லிக்கல் மட்டும் மிஞ்சிய பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமத்துச் சனம் எங்கள் பகுதியான தென்மராட்சி முழுக்க நிறைந்தபோது, மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் நின்ற குடும்பங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் வரை கோச்சி மறுபடி வந்தது. இப்போது கிடப்பது கொங்கிரீட் கட்டைகள். பழைய மரக்கட்டைகளில் ஒன்று எங்கள் கிணற்றடியில் இருக்கிறது. கால் கழுவ அதில்தான் ஏறி நிற்போம். ஆணி அடித்த ஓட்டைகள் அப்படியே தெரியும்.

உங்கள் வளவிலும் அப்படி ஒன்று கிடந்தால், எந்த ஸ்ரேசன் பக்கத்தில் எடுத்தது, எத்தனை பேர் அதன் கீழே இருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். வணக்கம்.