தாவித் தாவி ஓடும் காணொளி

நேயர்களுக்கு என் வணக்கம்.

மாசி மாதத்தில் தேயிலைத் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தை இப்போது பலரும் கைபேசியில் பதிவு செய்கிறார்கள். கைபேசித் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தக் காணொளி, வீட்டு மடிக்கணினிக்கு மாற்றியதும் தாவித் தாவி ஓடுகிறது. தப்பு மேளத்தின் அடி சீராகக் கேட்கிறது. ஆடுபவரின் கால் மட்டும் அடிக்குப் பிந்துகிறது.

மலையகத்தில் இணையக் காணொளி திக்கினால் முதலில் சிக்னலைத்தான் குறை சொல்வோம், பல வேளைகளில் அது நியாயமும்கூட. ஆனால் இணைப்பு மந்தமானால் படமும் ஒலியும் சேர்ந்தே நின்று, திரை நடுவே வட்டம் சுழலும். ஒலி தடையின்றிச் செல்ல, படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் கோளாறு பெரும்பாலும் கணினிக்குள்ளேதான் இருக்கிறது.

வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள், கொண்ட காணொளியில், சுருக்கி வைக்கப்பட்ட ஒவ்வொரு பிரேமையும் விரித்துத் திரைக்கு அனுப்பக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடிகள். 30 பிரேம் என்றால் அதைப் போல் இரு மடங்கு. அந்த அவகாசத்துக்குள் வேலை முடியாவிட்டால், ஒலியை விட்டுப் பிந்தாமலிருக்கக் கணினி சில பிரேம்களைக் கைவிட்டு முன்னே தாவிவிடுகிறது.

வேலை ஏன் முடிவதில்லை என்பதற்குப் பதில், காணொளி சுருக்கப்பட்ட முறையில், அதாவது கோடெக்கில் இருக்கிறது. 2003இல் வந்த எச்.264 முறையை விரிப்பதற்கென்றே அமைந்த மின்சுற்று, அதாவது தனிச் சுற்று, இன்று பாவனையிலுள்ள ஏறக்குறைய எல்லா மடிக்கணினிகளிலும் உண்டு. 2013இல் வந்த எச்.இ.வி.சி. முறைக்கு இன்டெலின் ஆறாம் தலைமுறைப் புரோசசர்களிலும், அதே ஆண்டின் வி.பி.9 முறைக்கு ஏழாம் தலைமுறையிலும், 2018இல் வந்த ஏ.வி.1 முறைக்குப் பதினோராம் தலைமுறையிலும்தான் முழுமையான தனிச் சுற்று கிடைத்தது. புதிய கைபேசிகள் பல எச்.இ.வி.சி.யிலேயே பதிகின்றன. நான்காம், ஐந்தாம் தலைமுறை மடிக்கணினியை இரண்டாம் கையாக வாங்கியவர் அதே காணொளியைத் திறக்கும்போது, முழுச் சுமையும் பிரதான புரோசசரின் தலையில் விழுகிறது. வட்ஸ்அப்பில் வந்த பிரதி நன்றாக ஓடி, கேபிள் வழியாக மாற்றிய மூலப் பிரதி திக்குவதற்கும் காரணம் இதுவே; வட்ஸ்அப் அதைச் சுருக்கி எளிதாக்கிவிடுகிறது.

தனிச் சுற்று இருந்தும் அது அணைந்து கிடப்பதுண்டு. ஆகவே காணொளி ஓடும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. என்னும் கிராபிக்ஸ் புரோசசரின் பகுதியைத் திறந்து, வீடியோ டிகோட் என்னும் வரைபடத்தைப் பாருங்கள். அது அசையாமல் கிடக்க, சி.பி.யு. என்னும் பிரதான புரோசசர் மட்டும் நூறு சதவீதத்தைத் தொட்டால், உலாவியின் அமைப்புகளில் கிராபிக்ஸ் அக்செலரேஷன் இயக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். வி.எல்.சி. என்னும் காணொளி இயக்கியிலும் ஹார்ட்வெயார் டிகோடிங் என்ற தெரிவு உண்டு.

பெட்டரியில் ஓடும்போது புரோசசரின் வேகம் குறைக்கப்படுவதால் சார்ஜரைச் செருகிப் பார்ப்பதும் நல்லது. நுவரெலியாக் குளிரில் கணினி சூடாகாது என்று நம்பிக் கம்பளியின் மேல் வைத்துப் படம் பார்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். காற்றுத் துவாரம் அடைபட்டால் எந்தக் குளிரிலும் புரோசசர் கொதித்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

தனிச் சுற்றே இல்லாத கணினியில் இவ்வளவும் செய்தும் பயன் குறைவு. அங்கே ஹான்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு காணொளியை எச்.264 முறைக்கு மாற்றுவதே என் பரிந்துரை. பழைய கணினியில் அதற்கு நெடுநேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கச் செல்லலாம். மூலப் பிரதியை மட்டும் அழித்துவிடாதீர்கள். யூடியூப்பில் பார்ப்பவர்கள் 1080 பி 60 என்பதிலிருந்து 480 பி தரத்துக்கு இறங்கினால் பொதுவாகப் பிரேம் எண்ணிக்கையும் 30 ஆகக் குறைந்து, படம் சீராகிவிடும்.

ஒரு பிரேமும் கைவிடப்படாமலே படம் நடுங்கும் சந்தர்ப்பமும் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 50 ஹேர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 50 தடவை என்ற கணக்கைச் சார்ந்தது. அதிலிருந்து எடுத்த 50 பிரேம் கிரிக்கெட் காணொளியை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரையில் போட்டால், சில பிரேம்கள் இரு தடவை காட்டப்பட்டு, ஓடும் பந்து லேசாக உதறும். திரை அமைப்பில் 50 ஹேர்ட்ஸ் தெரிவு இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த உதறலுக்காகக் கணினியைத் திருத்துநரிடம் கொண்டுசெல்லத் தேவையில்லை.